சுத்தப் பிரதிகள்

மலை வீடு,
ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிச்சா ‘அரசாங்கக் கடுதாசி மாதிரி எழுதாதேடா’ன்னு திட்டுவே. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். மிளகுக்குப் போன வாரம் ஆறு வயசு முடிஞ்சுது. முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு. அத்தைக்கு என்ன எழுதணும்னு கேட்டா ஏதோ சொல்றா, பாதி காத்தாத்தான் வருது. அரை மணி நேரம் சிரிச்சோம்.

உன் வீட்டுக் கூடத்துல அவளுக்கு முதல் வலிப்பு வந்தப்போ ஒரு வயசு. ஈரத்துணியைச் சுத்தித் தூக்கிட்டு நீதான் வெறுங்காலோட ஓடினே. ‘சூடு தாங்காத உடம்பு, வீட்டுக்குள்ள இருபத்தெட்டு டிகிரியைத் தாண்டவே கூடாது, குளிர்ந்த இடமாப் பார்த்துப் போயிடுங்க’ன்னு டாக்டர் சொன்னார். உன் ஆபீஸ்ல யார் யார் கையைக் காலைப் பிடிச்சியோ, மலையில உயிரினங்களை எண்ணிப் பதியற இந்தக் கணக்கெடுப்பு வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தே. அஞ்சு வருஷமாச்சு. ஒரு தடவைகூட வலிப்பு வரல அக்கா. கண்ணு பட்டுடும், எழுதாதீங்கங்கிறா என் பொண்டாட்டி. எழுதிட்டேன்.

இங்க ஒரு அதிசயம். செவ்வாய்க்கிழமை காலையில வாசக் கம்பியில ஒரு காக்கா. இந்த உயரத்துல காக்கா ஏது? மிளகு பொறந்து விவரம் தெரிஞ்சு முதல் தடவையா காக்காவைப் பார்க்கிறா, ‘அப்பா, கரியில செஞ்ச கோழி’ங்கிறா. காக்கா கத்தினா விருந்தாளி வருவாங்கன்னு சொல்வாங்க, இங்க காக்காவே விருந்தாளி. ஆனா ஒண்ணு, அது கத்தவே இல்ல. நாள் பூரா உட்கார்ந்து மேல் பக்கமாவே பார்த்துட்டிருந்துது. இடது கால் வளைஞ்சிருக்கு, வாலுல ஒரே ஒரு வெள்ளைச் சிறகு.

கணக்குத் தாள்ல எழுதிட்டேன். சரிபார்க்கிறது நீதானே, பார்த்துக்கோ.

உன்,
தம்பி


கீழே, வீடு,
ஜனவரி 17

அன்புத் தம்பிக்கு,

வியாழக்கிழமை ஜீப்பில் உன் கடிதம் வந்தது. மிளகின் விழுந்த பல்லை நீ எனக்கு அனுப்பியிருக்கலாம். ஐந்து வருஷமாக அந்தப் பிள்ளையை நான் புகைப்படத்தில்தான் வளர்க்கிறேன்.

அந்தக் காக்காவைப் பற்றி எழுதியிருந்தாயே. வளைந்த கால், வாலில் வெள்ளைச் சிறகு. அது நம் வீட்டு மதில் சுவரில் உட்காரும் நொண்டியேதான்! தினமும் மிச்சம் மீதியை நான்தான் போடுவேன். தீபாவளிக் கடன்காரன் மாதிரி என்று எழுத வந்தேன், வேண்டாம், அதைவிடச் சரியாக ஏழு மணிக்கு வந்து நிற்கும். டிசம்பரிலிருந்து காணோம். செத்துப்போயிற்று என்று நினைத்திருந்தேன். அதற்கப்புறம் ஒன்றொன்றாக எல்லாமே போய்விட்டன. இப்போது ஊரில் ஒரு காக்காகூட இல்லை. புறாவும் இல்லை. போன வாரம் மத்தியானம் தெருவில் சத்தமே கேட்கவில்லை, காதில்தான் கோளாறு என்று எண்ணெய் விட்டுக்கொண்டேன். என்னைப் போலவே எதிர்வீட்டம்மாவும் விட்டுக்கொண்டாளாம்.

வெயில் தாங்காமல் ஆபீஸ் நேரத்தைக் காலை ஐந்திலிருந்து பத்து வரை என்று மாற்றிவிட்டார்கள்.

உன் தாள் கிடைத்தது. நீ கண்ணால் பார்த்ததை எழுது, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். மிளகுக்கு மத்தியானம் சட்டை போடாமல் விடு. வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுது.

அக்கா


மலை வீடு,
பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

இருபத்தஞ்சு. மத்தியானம் ரெண்டு மணிக்கு, கூடத்துல. இதுவரைக்கும் இருபத்திரண்டைத் தாண்டினதில்ல. இன்னும் மூணு பாக்கி இருக்கு, நீ பயப்படாதே. நானும் பயப்படல. தெர்மாமீட்டர்ல இருபத்தெட்டு இருக்கிற இடத்துல என் பொண்டாட்டி நகப்பூச்சால சிவப்புக் கோடு போட்டு வச்சிருக்கா. மிளகுக்கு அது விளையாட்டு, ‘கோட்டைத் தொடலையே, தொடலையே’ன்னு கை தட்டறா.

நொண்டி இங்கேயே தங்கிடுச்சு, கூட இன்னும் பதினேழு. உங்க ஊர்க்காரங்கதான், சந்தேகமே இல்ல. ஒண்ணும் கத்துறதில்ல.

போன திங்கள்கிழமை சமையல்கட்டு ஓரமா எறும்பு. முட்டையைத் தூக்கிட்டு வரிசையாப் போகுது. எறும்பு முட்டையோட மேடு ஏறினா மழை வரும்னு சொல்வியே, நானும் விறகையெல்லாம் உள்ள எடுத்து வச்சேன். மழை வரல. எறும்பு நிக்கவும் இல்ல. மூணு நாள் அக்கா, ஒரே வரிசை, ஒரு எறும்புகூடத் திரும்பிக் கீழ வரல. பாதை எங்க முடியுதுன்னு பார்க்கப் பின்னாடியே நடந்தேன். முக்கால் மணி நேரம் நடந்தும் முடியல, திரும்பிட்டேன்.

சுவத்துல பல்லி வந்தாச்சு. வாசல்ல எருக்கஞ்செடி முளைச்சிருக்கு. எருக்கு! பாசி படர்ற இந்த ஈரத்துல! மேகக்காட்டுல இருக்கக்கூடாததெல்லாம் வந்து வந்து நிக்குது. நம்ம எல்லைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பல்லி ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேல கிடையாதாம், எருக்கு தொள்ளாயிரத்துக்கு மேல கிடையாதாம். நம்ம வீடு ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுன்னு சும்மாவா சொன்னாங்க. எல்லாத்தையும் தாள்ல எழுதிட்டேன்.

மிளகுக்கு ஒரு புது விளையாட்டு. சாயங்காலமானா ரெண்டு கூழாங்கல்லை எடுத்து டொக் டொக்னு தட்டுவா. உச்சியில இருக்கிற தவளைங்க அதே மாதிரி டொக் டொக்னு பதில் சொல்லும். எத்தனை தடவை தட்டறாளோ அத்தனை தடவை. அவளுக்கு இருக்கிற ஒரே சிநேகிதக் கூட்டம் அதுதான்.

தம்பி


கீழே, வீடு,
பிப்ரவரி 28

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் காக்கா, பிறகு எறும்பு, பிறகு பல்லி, பிறகு எருக்கு. இந்த வரிசையில்தானே வந்தன? முன்பின்னாக மாற்றி எழுதிவிடவில்லையே?

மேலே தவளைகள் இன்னும் பதில் சொல்கின்றனவா? சும்மாதான் கேட்கிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுது, ‘ஏன்க்கா, எதுக்குக்கா’ என்று ஆரம்பிக்காதே.

ஜன்னல்களில் ஈரச் சாக்கைத் தொங்கவிடு. பிள்ளையை மத்தியானம் வெளியே அனுப்பாதே. உன் பெண்டாட்டியிடம் நான் கேட்டதாகச் சொல். அவள் எனக்குத் தனியாக நான்கு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாள்?

அக்கா


மலை வீடு,
மார்ச் 20

அன்புள்ள அக்கா,

உனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் பதினொண்ணாம் தேதி சாயங்காலம் மிளகு தட்டினா. பதில் இல்ல. மறுபடியும் தட்டினா. ‘தூங்கிட்டாங்களாப்பா?’ன்னு கேட்டா. மறுநாளும் இல்ல. நாலாம் நாள் நான் உச்சிக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன். பாசி இருக்கு, சுனை இருக்கு, தண்ணி இருக்கு. தவளை ஒண்ணுகூட இல்ல, செத்துக் கிடக்கவும் இல்ல. வீட்டைக் கூட்டிப் பெருக்கிட்டுக் காலி பண்ணிப் போன மாதிரி இருந்துது. காடு இவ்வளவு அமைதியா இருந்து நான் கேட்டதில்ல. என் மூச்சுச் சத்தமே பக்கத்துல வேற யாரோ நிக்கிற மாதிரி இருந்துது, ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துட்டேன். இறங்கி வர்றப்போ வழுக்கி முழங்காலைப் பேத்துக்கிட்டேன்.

அதைவிட ஒண்ணு சொல்றேன். நேத்து பிள்ளை மறுபடியும் கல்லைத் தட்டினா. பதில் வந்துது. ஆனா மேலேருந்து இல்ல, கீழேருந்து. பள்ளத்துல, மரத்துக்குள்ள, டொக் டொக். என்ன பிராணின்னு எனக்குத் தெரியல. அவளைத் தூக்கிட்டு உள்ள வந்து கதவைச் சாத்திட்டேன். கல்லையும் பிடுங்கித் தூர எறிஞ்சுட்டேன், அதுக்கு ஒரு பாட்டம் அழுதா.

இருபத்தேழு டிகிரி அக்கா. ஒரு கோடுதான் பாக்கி.

அதனால ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். உச்சியில பழைய வானிலைக் குடில் ஒண்ணு காலியாக் கிடக்கு, இங்கிருந்து நானூத்தி இருபது மீட்டர் உயரம். ஆறேழு டிகிரி குறைவு இல்லேன்னாலும் மூணாவது குறைவா இருக்கும், காத்து வேற. நம்ம விதியிலேயே இருக்கு: கணக்கெடுக்கிறவன் வீடு மேகக்காட்டுக்குள்ள இருக்கணும், கீழ்க்காடும் மேகக்காடும் சேர்ற கோடு வீட்டைத் தாண்டி மேல ஏறிட்டா வீட்டையும் மேல மாத்தணும். நான் வேலைக்குச் சேர்ந்தப்போ கோடு இங்கேருந்து நூத்தி நாப்பது மீட்டர் கீழ, ஓடைப் பக்கம். இப்போ என் வாசல்ல. ஆதாரத்துக்கு என் தாள்லயே அறுபத்து மூணு பதிவு இருக்கு, எல்லாம் உன் கையிலதானே இருக்கு! விண்ணப்பம் இந்த ஜீப்புலயே அனுப்பறேன். அதிகாரி கேட்டா நீ ஒரு வார்த்தை சொல்லு.

தம்பி


கீழே, வீடு,
மார்ச் 28

தம்பிக்கு,

அவசரப்பட்டுவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக உடனே ஒரு வரி எழுதி அனுப்பு. காரணத்தைக் கடிதத்தில் எழுத முடியாது.

பிள்ளைக்கு ஐஸ் வேண்டுமானால் ஜீப்காரரிடம் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். உமியில் பொதிந்தால் பாதியாவது வந்து சேரும்.

நான் சொன்னால் கேள். உன் நல்லதுக்குத்தான் எப்போதும் சொல்லியிருக்கிறேன்.

அக்கா


மலை வீடு,
ஏப்ரல் 24

அக்காவுக்கு,

உன் ஐஸ் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது.

ஏப்ரல் பதினெட்டு, மத்தியானம் ரெண்டே கால். இருபத்தெட்டரை. ஈரச் சாக்கு காஞ்சு விறைச்சுப்போச்சு. ‘கோட்டைத் தொட்டுடுச்சுப்பா’ன்னு சொல்லிட்டுத் திரும்பினா, கண்ணு மேல போயிடுச்சு. ஒன்பது நிமிஷம். அவ அம்மா தண்ணி ஊத்தினா, நான் பிடிச்சுக்கிட்டேன். அந்த ஒன்பது நிமிஷமும் கம்பியில இருந்த காக்காவெல்லாம் வீட்டுக்குள்ளயே பார்த்துட்டிருந்துது. ஒண்ணு கத்தியிருந்தாக்கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

பிழைச்சுட்டா. ஆனா ரெண்டு நாள் பேச்சு வரல. இப்போ பேசறா, சில வார்த்தை மட்டும் தேடித் தேடி எடுக்கறா. கதவைக் காட்டி ‘அது, அது’ங்கிறா.

ஆபீஸ்லேருந்து பதில் வந்துது. ‘கடந்த ஐந்தாண்டுகளின் கணக்குத் தாள்களில் எல்லை மீறிய உயிரினம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. எனவே கோடு இடம்பெயர்ந்ததற்கு ஆதாரம் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’ பார்வைக்குத் தாள்களோட நகலையும் வச்சிருந்தாங்க.

ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். காக்கா இல்ல, பல்லி இல்ல, எருக்கு இல்ல. அடிக்கவும் இல்ல, அழிக்கவும் இல்ல, அவ்வளவு சுத்தம். நான் எழுதாத தாளு, என் கையெழுத்துல. ‘ழ’வோட வால்கூட என்னுதுதான். நான்தான் எழுதிட்டு மறந்துட்டேனா, புத்தி பேதலிச்சுப்போச்சான்னு கொஞ்ச நேரம் நெசமாவே நினைச்சேன். அப்புறம் என் பொண்டாட்டிதான் சொன்னா: ‘உங்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது யாரு?’

வேலியே பயிரை மேய்ஞ்சா யார்கிட்ட போய்ச் சொல்றது? வேற ஒருத்தர் செஞ்சிருந்தா சண்டை போட்டிருப்பேன். நீ செஞ்சிருக்கே. ஏன்?

தம்பி


கீழே, வீடு,
மே 2

என் தம்பிக்கு,

நான்தான் எழுதினேன். ஒளிக்கப் போவதில்லை.

இன்னொரு விதி உண்டு, அது உனக்குத் தெரியாது, உள்ளே இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும். எல்லைப் புத்தகத்தில் ஒரு உயிர் எந்த உயரம் வரை வாழும் என்று போட்டிருக்கிறதோ, அதற்கு மேலே யாராவது பார்த்ததாக எழுதினால் அது கணக்கெடுத்தவரின் தவறு. சிவப்புப் பென்சிலால் அடித்துக் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு வருஷத்தில் ஐந்து அடி விழுந்தால் ‘கவனக்குறைவு’ என்று ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உனக்கு முன்னால் ஆறு வருஷம் அந்த வேலையில் இருந்த தாடிக்காரரை அப்படித்தான் அனுப்பினார்கள். அடித்தது நான். அந்த இடம் காலியானதால்தான் உன்னை அங்கே வைக்க முடிந்தது.

நீ சேர்ந்த முதல் வருஷமே ஆறு தவறு. அடித்தால் உனக்கு வேலை போகும், வேலை போனால் வீடு போகும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த அடுப்புக்குள் திரும்பி வரவேண்டும். அதனால் அடிக்கவில்லை. அந்த வரிகளை விட்டுவிட்டுத் தாளைப் புதிதாக எழுதிவைத்தேன். ஒருமுறை செய்தது பழகிவிட்டது. அறுபத்து மூன்று வரி. நீ ஏதோ சின்னப் பிள்ளை மாதிரி கவனமில்லாமல் எழுதுகிறாய் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. நொண்டியைப் பற்றி எழுதினாயே, அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பதிவறையில் தாடிக்காரரின் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். உனக்குக் கீழே நூற்றைம்பது மீட்டரில் அவர் இருந்த வீட்டிலும், அதே காக்கா, அதே எறும்பு, அதே பல்லி, அதே எருக்கு, அதே வரிசை. எல்லாவற்றின் மேலும் என் சிவப்புக் கோடு. கடைசி வரியில் ‘மேலே சத்தம் நின்றுவிட்டது’ என்று எழுதியிருந்தார். அதை ஏன் அடித்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

அவரைத் தேடிப் போனேன். ஐஸ் தொழிற்சாலையில் வாட்ச்மேனாக இருக்கிறார். என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை எடுத்துப் போட்டு, ‘மேல சத்தம் நின்னாச்சாம்மா?’ என்று மட்டும் கேட்டார். நின்றுவிட்டது என்றேன்.

‘அதுக்கப்புறம் என்ன வரும்?’ என்று கேட்டேன்.

‘அதைப் பார்க்கறதுக்குள்ளதான் நீங்க என்னை அனுப்பிட்டீங்களே’ என்றார். பிறகு, ‘காக்கா வந்தாச்சு, எறும்பு வந்தாச்சு. பாக்கி யார் இருக்காங்க?’ என்று தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு போய்க்கொண்டிருந்தது.

தம்பி, உன் வேலையைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். பிள்ளையின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா


கீழே, வீடு,
மே 23

தம்பிக்கு,

மூன்று வியாழக்கிழமை போய்விட்டது. ஜீப்காரர் உதட்டைப் பிதுக்குகிறார்.

நீ எழுதிய அசல் தாள்களை நான் கிழிக்கவில்லை. ஐந்து வருஷத்தையும் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். போன திங்கள்கிழமை எல்லாவற்றையும் அதிகாரியின் மேஜையில் கொண்டுபோய் வைத்து, செய்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தார். ‘இதெல்லாம் எல்லைப் புத்தகத்துக்கு ஒத்து வரலையேம்மா’ என்றார். புத்தகத்தைத் திருத்தலாமே என்றேன். ‘திருத்தலாம். சரிபார்த்த தாள் இருந்தால் திருத்தலாம்.’ எதை வைத்துச் சரிபார்ப்பது? ‘புத்தகத்தை வைத்து.’ சொல்லிவிட்டு அவருக்கே எங்கேயோ இடித்திருக்கவேண்டும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாள்கள் அவர் மேஜை அறைக்குள் போய்விட்டன. எனக்கு வேலை போய்விட்டது. அது கிடக்கட்டும்.

மிளகு கதவைக் கதவு என்று சொல்கிறாளா? அதை மட்டும் எழுது. ஒரு சொல் போதும்.

அக்கா


உச்சி,
ஜூன் 19

அக்காவுக்கு,

சொல்றா. கதவுன்னு சொல்றா.

அனுமதி இல்லாமலே குடிலுக்கு ஏறி வந்துட்டோம். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. பிள்ளை ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத் தூங்கறா. மத்தியானத்துலயே இருபத்தி ரெண்டுதான். வந்து ஒரு மாசமாச்சு, வலிப்பு இல்ல. வியாழக்கிழமை மட்டும் சாமான் வாங்கப் பழைய வீட்டுக்கு இறங்கிப் போறேன்.

பழைய வீட்டுல இப்போ ஆளுங்க இருக்காங்க. முதல் வாரம் ஒரு குடும்பம், போன வாரம் ஏழு, இந்த வாரம் எண்ணல. யாரும் கதவைத் தட்டல, கேட்கல. மூட்டையை வச்சுக்கிட்டுத் திண்டுல, படியில, மரத்தடியில உட்கார்ந்திருக்காங்க. கைக்குழந்தைங்ககூட அழறதில்ல. ‘எங்கேருந்து வர்றீங்க?’ன்னு கேட்டா கீழ கையைக் காட்டறாங்க. மத்தபடி எல்லாரும் மேல் பக்கமாவே பார்த்துட்டிருக்காங்க. நான் சாமானைத் தூக்கிட்டு ஏற ஆரம்பிச்சதும் ஒரு பெரியவர் எழுந்து கொஞ்ச தூரம் என் பின்னாடியே வந்தார். நான் திரும்பினதும் நின்னுட்டார். பத்தடிக்கு ஒருதரம் திரும்பினேன், அவர் நின்னுக்கிட்டேதான் இருந்தார், ஆனா ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மேல இருந்தார்.

கோபம் இன்னும் இருக்கு அக்கா. பொய் சொல்ல மாட்டேன். உன் முகத்தை நினைச்சாப் பாசம் வருது, அந்தத் தாளை நினைச்சா நெஞ்சு எரியுது. ரெண்டும் ஒண்ணாவே வருது, என்ன பண்றது? என் பொண்டாட்டி உன்மேல கோபமே படல, ‘நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்’ங்கிறா. அவ சொல்றது எனக்கு இன்னும் எரிச்சலா இருக்கு.

எழுதினதுக்குக் காரணம் வேற. ஒரு கணக்குப் போட்டேன். அஞ்சு வருஷத்துல கோடு நூத்தி நாப்பது மீட்டர் ஏறியிருக்கு. வருஷத்துக்கு இருபத்தெட்டு. பழைய வீட்டுலேருந்து இங்க நானூத்தி இருபது. வகுத்தா பதினஞ்சு வருஷம். அதுக்கு மேல மலை இல்ல, வானம்தான். பதினஞ்சு வருஷம் கழிச்சு மிளகுக்கு இருபத்தொண்ணு. அதுக்குள்ள படிச்சு ஆளாகி, எங்க போகணுமோ அங்க அவளே போயிடுவா. பதினஞ்சு போதும் எனக்கு.

கணக்குல நீ புலி. சரியா, தப்பான்னு மட்டும் எழுது.

தம்பி


கீழே, வீடு,
ஜூன் 27

தம்பிக்கு,

அந்தப் பிள்ளை கதவு என்று சொன்னதைப் படித்துவிட்டு, எதிர்வீட்டம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீடும், அதற்கடுத்ததும். இந்தத் தெருவில் இப்போது நானும் தண்ணீர் லாரிக்காரரும்தான். ஜீப்பில் எனக்கு ஒரு இடம் கேட்டேன். அடுத்த ஐந்து வியாழனும் நிறைந்துவிட்டதாம். நடந்தாவது வருவேன். நீ கதவைத் திறந்தால் உள்ளே வருவேன், திறக்காவிட்டால் வெளியே உட்கார்ந்து கொள்கிறேன். உன் கோபம் உன்னிடமே இருக்கட்டும், அதைத் தணிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

கணக்கைப் பார்த்தேன். ‘சரி’ என்று எழுதி இரண்டு தடவை உறையில் போட்டேன், இரண்டு தடவையும் வெளியே எடுத்துவிட்டேன். நீ பதினைந்து போதும் என்கிறாய், எனக்கும் அது போதுமாகத்தான் இருந்தது.

தப்பு, தம்பி.

நீ ஐந்து வருஷத்தையும் சமமாக வகுத்துவிட்டாய். தாடிக்காரரின் ஆறு வருஷத்தில் கோடு ஏறியது மொத்தமே அறுபது மீட்டர். உன் முதல் மூன்று வருஷத்தில் ஐம்பது. கடைசி இரண்டு வருஷத்தில் மட்டும் தொண்ணூறு. அப்படியென்றால் இப்போது வருஷத்துக்கு நாற்பத்தைந்து. இனிமேல் வேகம் கூடாமல் இதே மாதிரி ஏறினாலும் ஒன்பது வருஷம்தான். கூடாமல் இருக்கும் என்று நான் எழுத மாட்டேன்.

மிளகுக்கு அப்போது பதினைந்து வயது.

அக்கா